இல்லாத ராணிக்குப் போன வீடு

ரோடு போடுகிறார்கள் என்று வீட்டை இழந்தவர்கள் உண்டு. அணை கட்டுகிறார்கள் என்று இழந்தவர்கள் உண்டு. குடித்தே வீட்டை அழித்தவர்களைச் சொல்லி மாளாது. ஆனால் பிறக்கவே பிறக்காத ஒரு ராணிக்கு வீட்டைப் பறிகொடுத்தவள், தெரிந்தவரை, மலைமேல் ஊர் டீக்காரம்மா ஒருத்திதான்.

அதை ஊர் என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். மலைச்சரிவில் ஒரு பழைய கோட்டை. பல நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு ராஜா கட்டி, வேறு யாரோ ஒரு ராஜா இடித்தது. இடித்தது போக மிச்சமிருந்த கீழ்வாசலுக்கும், கூரையில்லாத தானியக் கிடங்குக்கும், உச்சியில் தனியாக நிற்கும் காவல் கோபுரத்துக்கும் நடுவே சந்தும் பொந்துமாக வீடுகள். ஒருவர் வீட்டுக் கூரை அடுத்தவர் வீட்டு வாசலுக்குத் தரைமட்டம். கீழ்வாசலில் வேன்கள் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் ஆரம்பத்தில் துள்ளிக்கொண்டுதான் படியேறுவார்கள். பாதி வழியில் மூச்சு வாங்கி, இடுப்பில் கை வைத்து, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கிற இடத்தில் டீக்காரம்மாவின் வீடு இருந்தது.

இடம் பார்த்துக் கட்டியதுபோலத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. கட்டியவர் அவளுடைய அப்பா, கொத்தனார். ஊரில் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான், அதனால் அங்கே கட்டினார். கல்லெல்லாம் கோட்டைக் கல். அந்த ஊரில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. தானாக விழுந்த கல்லை எடுத்தால் திருட்டு இல்லை. விழாத கல்லில் கை வைத்தால்தான் திருட்டு. அதனால் ஒருத்தர் ஆட்டுக் கொட்டகையில் பூ வேலை செய்த தூண் நிற்கும், இன்னொருத்தர் துணி துவைக்கிற கல்லில் பாதி எழுத்து தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மலையை வெட்டி எடுத்த பக்கம் பின்சுவர். அதுதான் வீட்டிலேயே உயரமான, பெரிய சுவர். வெளியே தெரிகிற பக்கம் நல்ல கல்லாகப் பார்த்து அடுக்கி, நடுவில் களிமண்ணும் கையில் கிடைத்த உடைசலும் போட்டு நிரப்பினார் கொத்தனார். சிறுமியாக இருந்த டீக்காரம்மாதான் மண் சுமந்தாள், தண்ணீர் சுமந்தாள், "இன்னும் குழைச்சு மிதி" என்று திட்டு வாங்கிக்கொண்டே சேறு மிதித்தாள். எல்லாம் சரியாக வந்தது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் சுவருக்குப் பின்னால் வழிந்தோட ஒரு வாய்க்கால் விட வேண்டும். ஊர் வீட்டுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து வாய்க்கால் விட்ட மனுஷன் சொந்த வீட்டுக்கு விடாமல் போனார். முதல் மழைக்கே சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு ஈரம் பூத்தது. "வர்ற வருஷம் பின்னாடி தோண்டிடலாம்" என்றார். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னார்.

அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர்தான் ரேடியோ. ஊர் வைத்த பெயர். அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ என்பார் மாமனார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கீழ்வாசலில் பிடித்து, கோபுரம்வரை கூட்டிப்போய்க் கதை சொல்லித் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர் வேலை. வேறு வேலை எதையும் அவரிடம் நம்பிக் கொடுக்க முடியாது. கல் தூக்கச் சொன்னால் கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். டீக்காரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவர் வாய்க்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. கல்யாணமான புதிதில் அந்தப் பேச்சில் அவள் மயங்கித்தான் போனாள். அதை மறைக்க வேண்டியதில்லை.

ராணி பிறந்தது ஒரு மழை நாளில். படியேற முடியாமல் ஒரு குடும்பம் வீட்டுக்குள் ஒதுங்கியது. ஒரே ஒரு டீயைச் சொல்லிவிட்டு நாலு பேரும் பங்கு போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்து அம்மாள் ஈரச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "இதுவும் கோட்டைதானா?" என்று கேட்டாள்.

"அது எங்கப்பா கட்..." என்று டீக்காரம்மா வாயெடுப்பதற்குள் ரேடியோ முந்திக்கொண்டார்.

"கைய எடுங்கம்மா! அது ராணி அழுத சுவரு!"

அந்த அம்மாள் பதறிக் கையை எடுத்தாள். டீக்காரம்மா வாயைப் பிளந்தபடி நின்றாள்.

"இளைய ராணி," என்றார் ரேடியோ, குரலைத் தாழ்த்தி. "வெளியூர்ப் பொண்ணு. கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசல. ராஜாவுக்குக் கோபம் வந்து இந்த அறையில அடைச்சு வச்சுட்டாரு. பாவம், சுவத்தப் பார்த்துத் திரும்பி நின்னு அழுது அழுதே போய்ச் சேர்ந்துட்டா. அந்தக் கண்ணீருதான் இன்னும் காயல. நல்ல வெயில்ல வந்து பாருங்க, அப்பவும் ஈரமா இருக்கும்."

கடைசியில் சொன்னது மட்டும் சத்தியம். நல்ல வெயிலிலும் ஈரமாகத்தான் இருக்கும்.

மழை விட்ட பிறகும் அந்தக் குடும்பம் கிளம்பவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு டீ குடித்தார்கள், மறுபடியும் குடித்தார்கள், சுவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு டீக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"பாலு தீர்ந்துச்சா இல்லையா, அதச் சொல்லு."

தீர்ந்துதான் போயிருந்தது.

அப்போது கொத்தனார் உயிரோடு இருந்தார். வாசலில் உட்கார்ந்து மாப்பிள்ளை அள்ளிவிடுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், ஒருநாள் ஆட்கள் போனதும் நிதானமாகக் கேட்டார். "நான் செத்து எத்தன நூறு வருஷம் ஆச்சு மாப்பிள? தெரிஞ்சா நானும் ஒழுங்கா போய்ப் படுத்துக்குவேன்ல." ரேடியோ அடுத்த வேனைப் பிடிக்கக் கீழ்வாசலுக்கு நழுவினார். ஆனால் அடுத்த வாரம் வந்த ஒரு பெரியவர் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்து, "இப்ப எவன் இப்படிக் கட்டுறான்? அந்தக் காலத்து ஆளுங்க கையே தனி" என்று சொல்லிவிட்டுப் போனார். கொத்தனார் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய், அந்தப் பெரியவர் தடவிய இடத்தைத் தானும் ஒருமுறை தடவினார். அதற்குப் பிறகு அவர் மாப்பிள்ளையை மறித்துப் பேசவில்லை. வாய்க்காலும் தோண்டாமலேயே ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

அப்பா போன பிறகு டீக்காரம்மா ஒரு தடவை ஆள் வைத்துப் பின்னால் தோண்டிவிடலாம் என்றாள். ரேடியோ துடித்துப் போனார். "ஈரம் போச்சுன்னா ராணி போயிடுவாடி. ராணி போயிட்டா யாரு இங்க நின்னு டீ குடிப்பாங்க?" பேச்சு நியாயமாகத்தான் பட்டது. படிக்கட்டில் அவளுக்கு முன்னாலும் டீக்கடை வந்துவிட்டது, பின்னாலும் வந்துவிட்டது. ஆனால் ராணி அவள் வீட்டில் மட்டும்தான் அழுதாள். ராணி அழுத காசில்தான் மகள் படித்தாள், ராணி அழுத காசில்தான் மகளுக்குக் கல்யாணமும் ஆனது.

இதில் டீக்காரம்மா ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. மழை பொய்த்த ஒரு வருஷம் சுவர் காயப் பார்த்தது. "என்ன, ஈரமே காணோம்?" என்று வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவளே ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, அப்பாவின் சுவரில் மேலிருந்து மெதுவாக ஊற்றினாள். ஊற்றும்போது மனசு கேட்கவில்லை. ஊற்றி முடித்ததும் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள்.

கோட்டையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆபீஸ் இருந்தது. கீழ்வாசலில் டிக்கெட் கிழிப்பதைத் தவிர அது வேறு எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை. அந்த ஆபீசுக்குப் புதிதாக ஒரு மேடம் வந்தாள். சின்ன வயசு. மற்றவர்கள் மாதிரி நாற்காலியைத் தேய்க்கிற ஜாதி இல்லை. தொப்பி போட்டுக்கொண்டு படிபடியாக ஏறி, கல் கல்லாக அளந்தாள். டீக்காரம்மாவின் வீட்டில் உட்கார்ந்து சர்க்கரை கம்மியாக டீ கேட்டாள். ரேடியோ பேசப் பேச, போனை முன்னால் வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டாள். "ஐயா, கொஞ்சம் இருங்க, அந்த இடத்த மறுபடி சொல்லுங்க" என்று அவள் கேட்கும்போது ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடி சொல்லுங்க என்று வாழ்க்கையில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. போதும் நிறுத்துங்க என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் எங்கே போய் முடியுமோ என்று டீக்காரம்மா பயந்தாள். முடிந்தது அவள் நினைத்ததைவிட மோசமாக. ராணி அழுத சுவர் பாதுகாக்க வேண்டிய சின்னமாம். அதன்மேல் கூரை போட்டு, அடுப்புப் புகை விட்டு, ஆணி அடித்துக் குடியிருக்கக் கூடாதாம். மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் அவர்களுக்கு ஓர் அறை ஒதுக்கியாகிவிட்டதாம். ஆபீசிலிருந்து சொல்ல வந்த ஆள் டீ குடித்துவிட்டுத்தான் சொன்னான்.

அன்றைக்கே டீக்காரம்மா ஆபீசுக்கு இறங்கினாள். மேடம் எழுந்து நாற்காலி போட்டாள். அந்த மரியாதையே டீக்காரம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"மேடம், அது எங்கப்பா கட்டின சுவரு. நான்தான் மண்ணு சுமந்தேன்."

"கல்லெல்லாம் கோட்டைக் கல்லுதானேம்மா?"

"கல்லு கோட்டைக் கல்லுதான். சுவரு எங்க சுவரு."

"ஈரம்?"

"பின்னாடி வாய்க்கா விடல. அவரு மறந்துட்டாரு."

மேடம் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இரக்கம்தான் இருந்தது. "இத்தன வருஷமா வர்றவங்க எல்லார்கிட்டயும் வேற மாதிரி சொல்லியிருக்கீங்களேம்மா. வீடு போகுதுன்னதும் மாத்திச் சொன்னா யாரு நம்புவாங்க?"

டீக்காரம்மா விடவில்லை. "இடிச்சுப் பாருங்க மேடம். நடுவுல பூரா களிமண்ணுதான் இருக்கும்."

"பாதுகாக்கப்பட்ட சுவர இடிச்சுப் பார்க்க எங்களுக்கே அனுமதி இல்லம்மா."

டீக்காரம்மா எழுந்தாள். கதவுவரை வந்தவளை மேடமே கூப்பிட்டாள். ஒரே ஒரு வழி இருக்கிறது என்றாள். தலைமை ஆபீசிலிருந்து பெரிய சார் நேரில் பார்க்க வருகிறார். எல்லாவற்றுக்கும் அடிப்படை ரேடியோ சொன்னதுதான். அவரே பெரிய சார் முன்னால் நின்று, நான் சொன்னது கட்டுக்கதை என்று சொல்லிவிட்டால் சுவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். "ஆனா அவரு வாயால சொல்லணும்மா. நீங்க சொல்லி ஆகாது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒத்திகை நடந்தது. அவள் டீ ஆற்றிக்கொண்டே கேட்பாள், அவர் கையைக் கட்டிக்கொண்டு சொல்வார்.

"சொல்லுங்க."

"ராணியெல்லாம் யாரும் கிடையாது சார். வர்றவங்கள நிறுத்தறதுக்காக நான் திரிச்ச கயிறு. சுவரு எங்க மாமனாரு கட்டினது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வாய மூடிக்கணும்."

"அதான் முக்கியம். வாய மூடிக்கணும்."

ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் சொன்னார். வர வர இன்னும் நன்றாகச் சொன்னார். நடுவில் ஒரு பெருமூச்சைச் சேர்த்துக்கொண்டார். டீக்காரம்மாவுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அத்தனை வருஷத்தில் முதல்முறையாக மனுஷன் சொன்னபடி கேட்கிறாரே என்று அவளுக்குக் கொஞ்சம் பாசம்கூடப் பொங்கியது.

பெரிய சார் வந்தார். நரைத்த தாடி, கழுத்தில் தொங்குகிற கண்ணாடி. கூடவே மேடம், ஆபீஸ் ஆட்கள், கேமராவோடு ஒருத்தன். என்ன கூட்டம் என்று பார்க்கச் சுற்றிப் பார்க்க வந்தவர்களும் வாசலை அடைத்துக்கொண்டார்கள். ரேடியோ வெள்ளைச் சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். பெரிய சார் நேராக அவரிடம் போய் அவர் கையைப் பிடித்தார்.

"நீங்கதானா அந்த ஐயா? உங்க பேச்சக் கேக்கத்தான் இந்த முட்டிவலியோட ஏறி வந்தேன். நான் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இல்லாத விஷயம் உங்ககிட்ட இருக்கு."

இல்லாமல்தான் இருக்கும். எப்படி இருக்கும்?

"அது வந்து சார்..." என்றார் ரேடியோ. "ராணியெல்லாம்..."

"மெதுவா சொல்லுங்க. அவசரமே இல்ல. நாங்க உக்காந்து கேக்கறோம்." பெரிய சார் பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். கேமராக்காரன் தலையை ஆட்டினான். அந்தச் சின்ன வீட்டில் அப்படி ஓர் அமைதி வந்து டீக்காரம்மா பார்த்ததில்லை.

ரேடியோ அவளைப் பார்த்தார். சொல்லுங்க என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். பிறகு அவர் சுவரைப் பார்த்தார். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

"அந்த ராணி பேசவே மாட்டா சார்," என்றார்.

டீக்காரம்மா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் முடிந்தது.

அவ்வளவு நன்றாக அவர் அந்தக் கதையை எப்போதும் சொன்னதில்லை. இதுவரை இல்லாததையெல்லாம் அன்றைக்குச் சொன்னார். "ராஜா ஒண்ணும் கெட்டவன் இல்ல சார். வெறும் பேச்சுக்காரன். அவ பேசறதுக்கே எடம் விடாம இவனே பேசிட்டிருந்தான். அவ அப்பன் வீட்டச் சீதனமா குடுத்தான், அதையும் பேசிப் பேசியே தொலைச்சான். அவ ஏன் அழுதான்னு எல்லாரும் கேக்கறாங்க. இவனக் கட்டிக்கிட்டதுக்குத்தான் அழுதா. வேற எதுக்கு?" சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொய்!" என்று டீக்காரம்மா கத்தினாள். "அத்தனையும் பொய் சார்! இது எங்கப்பா கட்டினது! அந்த ஆளு வாயத் தொறந்தா பொய்தான்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய சார் எழுந்து வந்தார். நல்ல மனுஷன். அவள் தோளைத் தட்டி, "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா" என்றார். ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். மேடம் அவரையே பார்த்தாள், ஒரு வார்த்தை சொல்வாரா என்று. அவர் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் கேட்டாள். "ஏன்யா இப்படிப் பண்ணினே?" மரியாதையெல்லாம் போய்விட்டிருந்தது.

"வாய் வரல," என்றார்.

"ராணிக்கு வந்துச்சே?"

அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அழவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் பாத்திரம் தேய்த்தாள்.

சாமான்களைப் படியில் இறக்கக் கழுதைக்காரர்கள் வந்தார்கள். அடிவாரத்து அறை புதுசுதான், வெள்ளையடித்தது, குழாயில் தண்ணீர் வந்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வரிசையின் முதுகு தெரிந்தது. வேன் நிற்கிற இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யாரும் அந்தப் பக்கம் மூச்சு வாங்க நிற்கப் போவதில்லை. டீ போட்டால் அவளும் அவரும்தான் குடிக்க வேண்டும். மகள் போனில், "இங்க வந்துடுங்களேன்மா" என்றாள். வரமாட்டார்கள் என்று தெரிந்து கூப்பிடுகிற குரல் எப்படி இருக்கும் என்று டீக்காரம்மாவுக்குத் தெரியாதா? மகள் வீடும் ஒரே அறைதான். "பார்க்கலாம்மா" என்று டீக்காரம்மா போனை வைத்துவிட்டாள்.

ரேடியோ கீழ்வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ராணி அழுத சுவரைக் காட்டும்போது என்ன சொல்வது என்று பயந்தாரோ என்னவோ. பகலெல்லாம் கதவோரம் உட்கார்ந்திருப்பார். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை. இந்த ஆள் வாயை மூடினால் போதும் என்று காலமெல்லாம் வேண்டிக்கொண்டவளுக்கு அந்த மௌனத்தோடு ஓர் அறைக்குள் இருப்பது ஆபீஸ்காரர்கள் செய்ததைவிடக் கொடுமையாக இருந்தது.

மேலே, பிற்காலத்தில் சேர்த்தது என்று சொல்லித் தகரக் கூரையைப் பிரித்தார்கள். முன் அறையை, அடுப்பு மேடையை, பக்கத்துச் சுவர்களை எடுத்தார்கள். பின்சுவரை மட்டும் தனியாக நிறுத்தி, சுற்றிக் கம்பி வேலி போட்டு, போர்டு நட்டார்கள். ஒரு களிமண் சுவருக்குக் கூரைதான் உயிர் என்று கொத்தனார் வீட்டுச் சிறுமிக்குத் தெரியும். அவள் மேடத்திடம் அதையும் போய்ச் சொன்னாள். மேடம் குறித்துக்கொண்டாள். மேலிடத்தில் கேட்டிருக்கிறேன் என்றாள். மேலேயிருந்து பதில் வருவதற்குள் மழை வந்தது.

மேலிருந்து மழை, பின்னாலிருந்து மலைத் தண்ணீர். மூன்றாவது நாள் பட்டப்பகலில் சுவர் முன்பக்கமாகச் சரிந்தது. யாருக்கும் அடியில்லை. வேன் டிரைவர் ஒருவன் வந்து சொன்னான். டீக்காரம்மா தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். "நீங்க வரலியா?" என்றாள். "முட்டி வலிக்குது," என்றார் ரேடியோ.

போய்ப் பார்த்தால், ஒரு குவியல். நல்ல கல்லெல்லாம் ஒரு பக்கம் உருண்டு கிடந்தது. நடுவில் கரைந்து வழிந்த களிமண்ணில் உடைந்த ஓடு, பிஸ்கட் டப்பாவின் மூடி, சைக்கிள் டயர்த் துண்டு, அவள் அப்பாவின் தேய்ந்த கொத்துக்கரண்டி ஒன்று. எந்த ராஜா காலத்தில் சைக்கிள் ஓட்டினார்கள்? மேடம் மழையில் நனைந்தபடி அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொன்னது சரிதாம்மா," என்றாள். "இது பழைய சுவரே இல்ல. என்ன மன்னிச்சுடுங்க. பட்டியல்லேர்ந்து எடுக்கச் சொல்லி இன்னிக்கே எழுதிடறேன்."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் எத்தனை தடவை படியேறி இறங்கியிருப்பாள்! வந்துவிட்டது. "அப்ப வீட்ட எங்களுக்கே திருப்பிக் குடுத்துடுவீங்களா மேடம்?"

மேடம் அவளைப் பார்த்தாள். பிறகு குவியலைப் பார்த்தாள். "எந்த வீட்டம்மா?"

"இந்த வீட்டத்தான். நாங்களே கட்டிக்கிறோம். கல்லு கிடக்குதே."

"கோட்டை எல்லைக்குள்ள புதுசா எதுவும் கட்டக் கூடாதும்மா. அதுதான் சட்டம். இருக்கற வீட்டுல இருக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இப்ப இங்க..." மேடம் குவியலைக் கை காட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. நல்ல பெண்தான். இதில் கெட்டவர்கள் யாருமே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

டீக்காரம்மா கீழே இறங்கி அறைக்கு வந்தபோது ரேடியோ கதவோரமே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

அவள் பையை உதறி ஆணியில் மாட்டினாள். "ராணியெல்லாம் யாரும் கிடையாதாம். அது எங்கப்பா கட்டின சுவருதானாம். ஒத்துக்கிட்டாங்க."

"அவங்க வாயாலயே சொன்னாங்களா?"

"மன்னிப்பே கேட்டாங்க."

அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். இறங்கி வந்ததிலிருந்து அந்த முகத்தை அப்படிப் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொடியில் கிடந்த வேட்டியையும் சட்டையையும் இழுத்து மடித்தார். டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். "நான்தான் அப்பவே சொன்னேனே, உண்மை எங்க போயிடும்னு. மழை விட்டதும் கெளம்பிடலாம். கல்லு கிடக்கு, மறுபடி எழுப்பிக்கலாம். கழுதைக்காரன்கிட்ட நான் பேசறேன். முதல் வேலையா பின்னாடி வாய்க்கா தோண்டிடணும், உங்கப்பா சொல்லிட்டே இருந்தாரு பாரு..." பேசிக்கொண்டே போனார். அத்தனை நாள் அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் அறையை நிறைத்தது.

டீக்காரம்மா வாயைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த வாய்தான். அங்கே இனி எதுவும் கட்ட விடமாட்டார்கள் என்பதை மட்டும் அன்றைக்கு அதனால் சொல்ல முடியவில்லை.

அவர் பாயைச் சுருட்டிக் காலால் அழுத்திக்கொண்டு, "கட்டறதுக்கு ஒரு கயிறு இருந்தா குடு" என்றார். அவள் மூலையில் தேடி ஒரு கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.